வெள்ளைப் பலகையில் மஞ்சள் எழுத்து

எழுத்து பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் இதை நான் வன்மையாக மறுக்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே உள்ள வெளுப்பு கறுப்பு வித்தியாசம்தான் கண்ணில் படுகிறது. அது இல்லையென்றால் யானை அளவு எழுதினாலும் வீண். பிரஷ் பிடித்த சக பாவிகளுக்கு இது தெரியும். போர்டு கேட்டு வருகிறவர்களுக்குத் தெரியாது.

குருவுக்கு மஞ்சள்

எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டில் நடேசன் என்பவர் ஆவணியில் மெஸ் திறந்தார். இடத்துக்காரர் கெடு வைத்திருந்தார்: கார்த்திகை தீபத்துக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் காலி செய்ய வேண்டும், சைக்கிள் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். நடேசன் ஜோசியரைக் கேட்டார். சுக்கிரனுக்கு வெள்ளைப் பலகை, குருவுக்கு எலுமிச்சை மஞ்சள் எழுத்து. கறுப்பு மட்டும் கூடாது, அது சனி.

பாலில் நெய்யால் எழுதுகிற காரியம் என்று எடுத்துச் சொல்லிவிட்டு எழுதினேன். நடேசன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவருக்கு எழுத்தும் தெரியத்தான் செய்யும்.

"பளிச்னு இருக்குதுங்களே. நீங்கதான் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கணும்."

இன்னும் பெரிசு

ஐப்பசி வரை நடேசன் ஈ ஓட்டினார். பிறகு எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார். ஆக்கினேன். முன்பு சின்ன எழுத்து தெரியவில்லை. இப்போது பெரிய எழுத்து தெரியவில்லை. காலை வெயிலில் பலகை மொத்தமும் ஒரே வெளிச்சம். வெளியூர்க்காரர் ஒருவர் அதன் கீழேயே நின்று, "இங்க சாப்பாட்டுக் கடை எங்கங்க இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த நடேசனின் மனைவி கன்னியம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"நம்ம போர்டு நிழல்ல நின்னுகினு நம்ம கடைய கேக்கறாரு. பெரிசு போதல சார், மலைமேல ஏறி எழுதுங்க."

ஓரம் கட்டுதல்

எழுத்தைச் சுற்றி மெல்லிசாகக் கறுப்பு ஓரம் கட்டினால் போதும், கூலிகூட வேண்டாம் என்று நடேசனிடம் சொன்னேன். கார்த்திகை பிறந்துவிட்டது. இடத்துக்காரர் சைக்கிள் கடைக்காரரை அழைத்துவந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார். அப்படியும் நடேசன் அசையவில்லை.

"சனியை நானே ஏணி போட்டு ஏத்தணுமா?"

தோசைக்கல் கரி

அன்று திரும்பும்போது கன்னியம்மாளின் காதில் இந்தக் கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். தீபத்துக்கு முந்தின நாள் போனால், அவர் ஏணிமேல் நின்று, தோசைக்கல்லின் அடிக்கரியை எண்ணெயில் குழைத்து, எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டுப் பலகை பூராவும் பூசிக்கொண்டிருந்தார். எழுத்து ரோட்டுக் கோடியிலிருந்தே கண்ணைக் குத்தியது.

"சனிடி அது, எறங்கு" என்றார் நடேசன்.

"இது திருஷ்டிக் கரி. கொழந்தை கன்னத்துல வெக்கறோமே, சனியவா வெக்கறோம்?"

நடேசன் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, கொஞ்சம் கம்மியா பூசு."

தீபத்தன்று உள்ளே இடம் போதாமல் வாசலிலும் இலை போட்டார்கள். இடத்துக்காரர் சைக்கிள் கடைக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். பூசிய கறுப்பு சனியா திருஷ்டியா என்று கண் விசாரிப்பதில்லை.

மார்கழியில், மெஸ்ஸுக்குப் பக்கத்துப் பூக்கடைக்காரர் அதே ஜோசியரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். வெள்ளைப் பலகை, மஞ்சள் எழுத்து.