பனி என்று எழுதிய ரேவதி

"ரேவதியுடெ ஆளாரா?" என்று பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவைத் திறந்து நர்ஸ் கேட்டபோது காலை பதினொரு மணி. நான் கையைத் தூக்கினேன். உள்ளே டாக்டர் செய்தியைச் சொல்லி முடிக்கும் முன்பே சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நானும் ரேவதியும் சேர்ந்து பயன்படுத்திய குறிப்புச் செயலியிலிருந்து ஒரு நினைவூட்டல்: இன்று ரேவதி எதுவும் எழுதவில்லை. அந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

கஞ்சிக்கோட்டில் அவளோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்த நீங்கள், முப்பதாம் நாள் மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எப்போதும் சிரித்த முகம் என்று ஆரம்பிக்கலாம் என்று ஒருவர் யோசனையும் சொன்னார். அப்படி எழுதக் கை கூசுகிறது. அவளுக்குக் கணவனாக நான் செய்ததை எழுதுகிறேன்.

அவள் போனில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. தலைப்பு கிடையாது. புளி, சம்பள நாள், வண்டன்மேட்டில் அம்மாவின் கண் பரிசோதனை, கனவு, எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்று. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். இரண்டு வருடத்தில் நான்கு செயலிகள் மாற்றியவன். எது சிறந்தது என்று அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தவன்.

"ஏன் கண்ணு, ஸ்டோர்ஸ்ல அத்தன ரேக்கு வெச்சிருக்கற. போன்ல மட்டும் ஏன் இப்படிக் குப்பையாட்டக் கெடக்குது?"

"அங்க இருக்கது கம்பெனி சாமான். இது என் சாமான். எது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்ல? நீங்க எம்புட்டுப் பெட்டி வாங்குனாலும் உள்ள வைக்கச் சரக்கு வேணும்ங்க."

சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் குறிப்பை என் செயலிக்கு மாற்றி, வரி வரியாக வெட்டி அடுக்கினேன். வீடு, ஆபீஸ், சமையல், உடல்நலம், வானிலை. அதன்பின் அவள் போகிற போக்கில் ஒரு வரி எழுதிப் போடுவாள். ஞாயிறுதோறும் நான் வகை பிரிப்பேன்.

'சாயங்காலம் பனி.' 'இன்னைக்கும் பனி, ராத்திரி விட்டுருச்சு.' 'பனி கூடுதல்.' தினமும் சாயங்காலம் அவள் அம்மா வண்டன்மேட்டு ஏலத் தோட்டத்திலிருந்து கூப்பிடுவார். அந்த ஊர்ச் செய்தி என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வானிலையில் போட்டேன். நாள்காட்டியில் நீலப் புள்ளிகள் வருமாறு செய்தேன். அழகாக இருந்தது. ஒரு வரியில் '101' என்று இருந்தது. கை தவறி விழுந்த எண் என்று அழித்தேன்.

இடையில் இரண்டு முறை, "மேலுக்கு முடியலங்க" என்று படுத்தாள். "மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கு கண்ணு" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளால் பேச முடியவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையோடு செயலியைத் திறந்து 'காய்ச்சல்' என்று தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது, நான்கு நாளுக்கு முன் நான் எழுதியது. "நாலு நாள் சார்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தையிடம், ரேவதியின் அம்மாவிடம், அந்த நாள்காட்டியைக் காட்டினேன். "உங்க ஊர்ல பனி எறங்குன நாளெல்லாம் எழுதி வெச்சிருக்கறா பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தொட்டு வரிகளை வாசித்தார்.

"எங்க பனி விழுந்துச்சு? ஏலச்செடி காஞ்சு கருகிப்போய்க் கெடக்கு. மாப்ள... இது அந்தப் பனி இல்ல. மலையாளத்துப் பனி. காய்ச்சலு."

வண்டன்மேட்டில் விடுப்புக் கடிதமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் மலையாளத்திலேயே பார்த்து வளர்ந்தவள் ரேவதி. எழுதும்போது காய்ச்சலுக்கு அவள் கையில் வந்த சொல் அதுதான். நானும் பாலக்காட்டில் மலையாளம் கேட்டு வளர்ந்தவன். பிளான்ட்டில் யாராவது பனி என்று லீவு கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டேன். தமிழ் எழுத்தில் பார்த்ததும் என் மூளை அதை மலைக்கு அனுப்பிவிட்டது. நீலப் புள்ளிகள் ஆறு வாரம்.

திரும்பப் போய் டாக்டரைக் கேட்டேன், இது முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. இதய வால்வில் தொற்று இருந்ததாக முன்பே சொல்லியிருந்தார். இப்போது, "பறயான் பற்றில்ல" என்றார். சொல்ல முடியாதாம். அவர் நல்லவர்.

செயலியிலிருந்து வகைகளை எல்லாம் அழித்துவிட்டேன். அழித்த '101' திரும்பி வரவில்லை. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது, கடைசி வாரம் அடுக்கப்படாமல் தப்பிய ஒரு வரி: 'அவருக்கு இஸ்திரி. பச்சமிளகா. இன்னைக்கும் பனி. அம்மாட்ட சொல்ல வேண்டாம்.'

சொல்ல வேண்டாம் என்று அவள் யாரிடம் சொல்கிறாள்? அந்தக் குறிப்பை வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.