7:58க்கு வந்த ஃபோன்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அன்று ரிசீவர் என் கையில் இருந்தது, கம்ப்யூட்டர் எதிரில் இருந்தது, காலைக் காபியைக் குடித்து முடித்திருந்தேன். தூக்கக் கலக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நெதர்லாந்தில், குரோனிங்கன் பக்கம், கால்வாய் ஓரத்து ஊரில், ரோஸெமா டாக்டரிடம் பதினோரு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடுவது, காதில் அழுக்கெடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் பெரிய வேலை ஃபோன்தான். யார் இன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம், யார் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கலாம் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். திட்டு முழுக்க எனக்கு, நன்றி முழுக்க டாக்டருக்கு.

ஃபோனில் நாங்கள் பெயர் கேட்க மாட்டோம். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். பிறந்த தேதிதான் கேட்போம். தட்டினால் ஆள் திரையில் வந்துவிடும்.

அந்தப் பிப்ரவரியில் கூட வேலை செய்யும் விலெமீன் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் ஒருத்திதான். போதாததற்கு, முந்தின வாரம் பக்கத்து ஊர் டாக்டரின் நோயாளிக்கு நேரம் கொடுத்துவிட்டேன் என்று ரோஸெமா என்னைக் காய்ச்சி எடுத்திருந்தார்.

"நம்ம லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு இனிமே ஒரு நிமிஷம்கூடக் கிடையாது ஃபெம்மி."

கோபம் எனக்கு மூக்கு நுனியில் நின்றது.

திங்கட்கிழமை. எங்கள் லைன் சரியாக எட்டுக்குத்தான் திறக்கும். அதுவரை யார் அடித்தாலும் பதிவுக் குரல்தான் பேசும், மேசையில் மணி அடிக்காது. 7:58க்கு அடித்தது. திரையில் எண் இல்லை. எடுத்தேன். ஒரு வயதான பெண்.

"அவர் விழுந்துட்டாரும்மா. நிலவறைப் படியில. எழுந்திருக்க முடியல."

"பிறந்த தேதி சொல்லுங்க."

"இருபத்திரண்டு, மூணு, நாப்பத்திநாலு."

தட்டினேன். அப்படி யாரும் இல்லை.

"நீங்க எங்க லிஸ்ட்ல இல்லம்மா. உங்க டாக்டரைக் கூப்பிடுங்க. அவசரம்னா ஆம்புலன்ஸுக்கு அடிங்க."

"ரோஸெமாதானே எங்க டாக்டர்..."

வைத்துவிட்டேன். எட்டு அடித்ததும் ஃபோனில் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். மறந்தும் போனேன்.

செவ்வாய். மீண்டும் 7:58. அதே குரல், அதே வார்த்தைகள், அதே தேதி.

"நேத்து விழுந்தவர் இன்னும் அங்கயேவா கிடக்காரு?" என்றேன் எரிச்சலாக.

 அப்போதுதான் கவனித்தேன். அவள் மூச்சு விடும் சத்தமே கேட்கவில்லை. பிறகு லைன் கட்டாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன்.

"மறதிக்காரங்களா இருக்கும், விடு."

விட முடியவில்லை. நாள் முழுக்க நெருடியது.

புதன். 7:57. வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7:58.

"அவர் விழுந்துட்டாரும்மா..."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சட்டென்று உறைத்தது. இவள் யாருடைய தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

"அது உங்க தேதியா?"

"ஆமா."

"விழுந்தவரோட தேதி?"

"ஒம்பது, பதினொண்ணு, நாப்பத்தொண்ணு."

தட்டினேன். வந்தது. ஹார்ம் டைக்கெமா. கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு.

அதற்குக் கீழே மனைவி. ரூல்ஃபீன். பிறந்தது 22-3-1944.

பக்கத்திலேயே... இறந்த தேதி. போன அக்டோபர்.

இறந்தவர்களை நாங்கள் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவோம்; தேதியைத் தட்டினால் வரமாட்டார்கள், குடும்பக் குறிப்பில் மட்டும் இருப்பார்கள்.

ரிசீவர் இன்னும் என் காதில் இருந்தது.

"வந்துரும்மா..."

அத்தோடு லைன் போய்விட்டது.

டாக்டரின் கதவைத் தட்டி, டைக்கெமா வீட்டில் விழுந்துவிட்டார் என்று மட்டும் கத்தினேன். சைக்கிளை எடுத்தேன். 8:09க்குப் போய்ச் சேர்ந்தேன். பின்கதவு பூட்டவில்லை.

நிலவறைப் படிகளின் அடியில் கிடந்தார். தலை பிளந்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்று திரையில் பார்த்திருந்தேன். என் கழுத்துத் துணியை உருவிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டர் வரும்வரை கையை எடுக்கவில்லை.

"பத்து நிமிஷம் தாமதமாயிருந்தா ஆள் இல்ல," என்றார் ரோஸெமா.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் அவரைச் சாகக் கிடக்க விட்டுவிட்டேனே என்று நெஞ்சு அரித்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"திங்கக்கிழமையே விழுந்தீங்களா ஐயா?"

"திங்களா? திங்கக்கிழமை நான் கடைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தேனே. நல்லாத்தான் இருந்தேன்."

"செவ்வாய்?"

"அன்னிக்கும்தான். விழுந்தது புதன். ரேடியோல எட்டு மணிச் செய்தி ஆரம்பிச்சுது. உருளைக்கிழங்கு எடுத்துட்டு வந்துரலாம்னு இறங்கினேன். அவ்வளவுதான் ஞாபகம்." என்னைப் பார்த்தார். "ஆமா, உனக்கு யாரும்மா சொன்னது?"

"ஃபோன் வந்துது," என்றேன். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

எட்டு மணிச் செய்தி.

மூன்று ஃபோனும் அவர் விழுவதற்கு முன்பே வந்தவை.

திங்கட்கிழமையே நம்பி நான் போயிருந்தால், டைக்கெமா எழுந்து வந்து அவரே கதவைத் திறந்திருப்பார். நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

புதன்கிழமை அந்த ஃபோனை எடுத்தே இருக்க மாட்டேன்.