கடல் வழியாக யூத்திக்கு

பசிலிசா ஊருக்கே திரும்பி வரப்போகிறாள் என்ற செய்தி பராகுவேயின் யூத்திக்கு வந்ததும், அவள் தங்கை டிக்னா ஒரு கொழுத்த கன்றுக்குட்டியைப் பார்த்து வைத்தாள். பிறகு பாதிரியாரிடம் சொல்லி ஒரு பூசைக்கு ஏற்பாடு செய்தாள். யாழ் வாசிக்கிறவனையும் கிதார்க்காரனையும் பிடித்துப் போட்டாள். அக்காவுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னாள். பசிலிசாவுக்குப் பச்சை பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். வரட்டும், வந்து கத்தட்டும் என்று இருந்தாள்.

பசிலிசா அடுத்த நாட்டுத் தலைநகர் புவனோஸ் அயர்ஸுக்கு வேலைக்குப் போனபோது சின்ன வயது. வீட்டு வேலைக்குப் போன பராகுவேப் பெண்கள் எத்தனையோ பேர், அவளும் ஒருத்தி. ஹெபே அம்மாள் என்ற விதவையின் நாலாவது மாடி வீட்டில் சமைத்தாள், துடைத்தாள், கடைசியில் அந்த அம்மாளையே குளிப்பாட்டித் தலைவாரி விட்டாள். இருவரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போட்டுக்கொண்டே பொழுதை ஓட்டினார்கள். சீட்டாட்டத்தில் ஹெபே அம்மாள் ஏமாற்றுவாள். பசிலிசா அதைவிட நன்றாக ஏமாற்றுவாள். அம்மாளின் போகிற உயிர்கூட, "கேஸை அணைச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனது.

அம்மாளின் பிள்ளைகள் வந்து மேசை நாற்காலியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரும் எடுக்காத மென்மயிர்க் கோட்டு ஒன்று மிஞ்சியது. அதைப் பசிலிசாவின் தோளில் போட்டு, "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்லி, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பேருந்து நிலையத்தில் பசிலிசா வரிசையில் நின்றாள். சீட்டுச் சன்னலுக்குள் இருந்தவன், "எந்த ஊரும்மா?" என்றான்.

அவள் வாய் அவளைக் கேட்காமலே, "மார் தெல் பிளாட்டா" என்றது.

அவன் அவள் மூட்டைகளையும் பேச்சையும் பார்த்துவிட்டு, "பராகுவேக்காரங்க எல்லாம் வடக்கால போவாங்க. இது தெற்கம்மா, கடற்கரை" என்றான்.

"நான் சுத்திப் போறேன். குடுப்பா."

அந்தக் கடற்கரை அவளுக்குப் புதிதல்ல. கோடைக்குக் கோடை ஹெபே அம்மாளின் குடும்பத்தோடு அங்கே போனவள்தான். ஆனால் அங்கே இருந்த வீட்டின் அடுக்களைச் சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. பிள்ளைகள் காலில் ஒட்டிக்கொண்டு வந்த மணலை எல்லாம் பெருக்கித் தள்ளியவள் அவள். ரொட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக் கூடாரத்துக்குப் போவாள், செருப்போடும் சீருடையோடும் நிற்பாள், அடுப்பில் பால் இருக்கிறதென்று ஓடி வருவாள். கடலில் கால் வைத்ததே இல்லை.

நவம்பர் மாதம். கூட்டம் வருவதற்கு முன்பு, கூடாரங்களை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று ஊசியாய்க் குத்தியது. பசிலிசா கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் ஒரு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்தாள். பொரித்த கணவாய் வாங்கி வரச் சொன்னாள். மொறுமொறுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினாள். திருப்பி அனுப்புவதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி. பசிலிசாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளையப் பாத்துக்கறே?" என்று கேட்டாள்.

"என்னைத்தாம்மா. ரொம்பப் படுத்தறா."

சாயங்காலம் டிக்னாவின் போன் வந்தது. "அக்கா, எங்க இருக்கே? கன்னுக்குட்டிய அறுத்தாச்சு!"

"வண்டி நின்னு போச்சுடி."

"எங்க?"

"கடலோரமா."

"புவனோஸ் அயர்ஸுக்கும் யூத்திக்கும் நடுவுல ஏதுக்கா கடல்?"

"டிரைவரும் அதையேதான் சொல்றான். வழி தவறிட்டானாம்."

டிக்னா போனை வைத்துவிட்டாள். கன்றுக்குட்டியை ஊரே சேர்ந்து தின்று தீர்த்தது. யாழ்க்காரன் குடித்துவிட்டுக் கோழிக்கூட்டுக்கு வாசித்தான். டிக்னாவின் புருஷன் கிறிஸ்புலோ பல்லைக் குத்திக்கொண்டே, "இதுல ஏதோ ஒரு ஆம்பள இருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னான். மறுநாள் காலைக்குள் அந்த ஆம்பளைக்கு ஊர் மீசை வைத்து, ஒரு லாரியும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

டிக்னா மறுபடி போன் செய்து கேட்டபோது தங்கும் விடுதியின் பெயரைப் பசிலிசா மறைக்கவில்லை. டிக்னா ஒரு பை நிறையச் சீபா ரொட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள். பிறந்ததிலிருந்து ஜில்லாவைத் தாண்டாதவள், கால் வீங்கி, தலை கலைந்து, கோபம் மட்டும் கலையாமல் வந்து சேர்ந்தாள். மணலில் கோட்டுக்குள் சுருண்டு கிடந்த அக்காவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்கக்கா அவன்?"

"எவன்டி?"

"அந்த ஆம்பள!"

பசிலிசா கடலைக் காட்டினாள். "அந்தா. ஆளு பெருசு. ராத்திரி பகலா கத்துறான். ஆனா சட்டையத் தோய்ச்சுக் குடுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

டிக்னா திரும்பிப் பார்த்தாள். வந்த ஆத்திரத்தில் அதை அவள் கவனித்திருக்கவே இல்லை. வெகுநேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி அக்காவின் மடியில் வீசிவிட்டு, உடுத்த பாவாடையோடு நடந்து போனாள். முழங்கால் வரை போனவளை ஒரு அலை வந்து புரட்டிப் போட்டது. எழுந்து, அலையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த அலை அவளுடைய மேல்வரிசைப் பல்செட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டு பேரும் மணலில் உருண்டு சிரித்தார்கள். முத்துமாலைச் சீமாட்டி நாற்காலியை அப்பால் நகர்த்திக்கொண்டாள்.

சிரிப்பு ஓய்ந்ததும், சீபாவைக் கடிக்க முடியாமல் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்த டிக்னா, "அம்மா செத்தப்ப நீ வரல" என்றாள். பல் இல்லாமல் குழறினாலும் நன்றாகவே புரிந்தது.

"வரல. ஹெபே கிழவிய ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன், விட்டுட்டு வர முடியல. கட்டில் பக்கத்துல உக்காந்து அம்மாவுக்காக அழுதேன். கிழவி தனக்காகத்தான் அழறேன்னு நெனச்சுக்கிட்டா. என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரே சந்தோஷம் அவளுக்கு."

"நீ சொல்லலயா?"

"எப்படிடி சொல்றது? அவளுக்காக அழ அவ பிள்ளைங்க ஒருத்தரும் வரல."

டிக்னா மூக்கைச் சிந்தி, கையைக் கோட்டின் மயிரிலேயே துடைத்தாள். "நான் உன்னை ரொம்பத் திட்டிருக்கேன். ஊர்ல எல்லார்கிட்டயும்."

"தெரியும். வர்றவ போறவ எல்லாம் சொல்லிட்டுத்தான் போனா."

கிறிஸ்புலோ போன் செய்தான். டிக்னா, தான் இன்னும் சில நாள் இருக்கப்போவதாகச் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைப் பசிலிசா வாங்கினாள்.

"மாப்பிள, நல்லாருக்கீங்களா?"

"அவளுக்கு என்னாச்சு? பேச்சே மாறிப்போச்சு!"

"ஊர் விட்டு ஊர் வந்தா கொஞ்சம் மாறத்தான் செய்யும்."

அவன் அடுத்த கவலைக்குப் போனான். "அது இருக்கட்டும், மரவள்ளிக்கெழங்க எவ்ளோ நேரம் வேக வெக்கணும்?"

"வேகற வரைக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பணம் தேய்ந்து தோலும் கறுக்கிற வரை அக்காவும் தங்கையும் அங்கேயே கிடந்தார்கள். வடக்கே திரும்பும்போது நேர்வழியை விட்டு, இகுவாசு அருவியையும் பார்த்துவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா உப்பு கம்மி" என்றாள் டிக்னா.

யூத்தியில் அவர்களை எதிர்கொள்ள வாத்தியமும் இல்லை, கன்றுக்குட்டியும் இல்லை. அடி கருகிய ஒரு சட்டியோடு கிறிஸ்புலோ வாசலில் நின்றான். பெண்டாட்டியின் வாயைப் பார்த்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டான். பசிலிசா பச்சை அறையைப் பார்த்து எதிர்பார்த்த அளவுக்குக் கத்தினாள். டிக்னாவுக்கு மனம் குளிர்ந்தது.

அடுத்த நவம்பரில் செபமாலைச் சங்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் டிக்னாவின் தலைமையில் ஒரு வண்டி பிடித்தார்கள். எந்தப் புனிதருக்கு நேர்ச்சை என்று பாதிரியார் கேட்டார். "பேரு தெரியல சாமி. ஆனா தலை முங்கணும்" என்றாள் அவள்.

பசிலிசா அவர்களோடு போகவில்லை. அத்தனை வீட்டுக் கோழிக்கும் தீனி போடுவதாக ஏற்றுக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் கோழிகளை எல்லாம் தெருவில் திறந்துவிட்டு, தூளிக்கட்டிலில் ஏறிப் படுத்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.