அக்கா மூடிவைத்த சுவர்

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் வெடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே. அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. ஊசியை எடுக்காமல் விரிப்போடு சுருட்டி அனுப்பிய வார்டுக்கு நேரே படியேறிப் போய், பெரிய டாக்டர் நிற்கிறார் என்றும் பார்க்காமல், அந்த விரிப்பை ஊசியோடு மேசைமேல் போட்டுவிட்டு வந்தவர். கோபத்தை உள்ளே வைத்துப் புழுங்குவதற்கு நான் என்ன மூடி போட்ட டப்பாவா என்று கேட்பார். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் துணி மடிப்பவள். அந்த வெடிக்கு என் காது பழகிப்போயிருந்தது.

தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும். தம்பி ஓவியர். ஓவியர் என்றால் படம் வரைகிறவர் இல்லை. பழைய கதவு, உடைந்த நாற்காலி, துருப்பிடித்த தொட்டி என்று எதையாவது கொண்டுபோய்க் கண்காட்சிக்கூடத்தில் வைப்பவர். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார்களாம். "எனக்கு ஒரு மண்ணும் புரியல, ஆனா பேப்பர்ல அவன் போட்டோ வருது" என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

அவர் வீட்டுக் கதையை அவர் எனக்குச் சொன்னது பின்னால்தான். ஆனால் நடந்தது விளங்க வேண்டுமென்றால் அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி அப்போது பள்ளியில்கூடச் சேரவில்லை. அப்பா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். வெளியே தங்கமான மனிதர் என்று பெயர். குடிப்பழக்கம் கிடையாது. குடித்திருந்தாலாவது அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம் என்பார் அக்கா. வீட்டுக்குள் வந்தால் ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்காமல் போகும். சூடு போதாது, தட்டு ஈரமாக இருக்கிறது, பதில் சொன்ன தொனி சரியில்லை. தட்டோ பாத்திரமோ சமையலறைச் சுவரை நோக்கிப் பறக்கும். சுவருக்கும் அவருக்கும் நடுவில் அக்கா நின்றிருப்பார். அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதுமே தம்பியை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்.

அடி ஓய்ந்தபின் சுவர். கறையோடு அந்தச் சுவரைப் பார்த்தால் அப்பாவுக்கு மறுபடி கோபம் வரும். பக்கத்து வீட்டார் யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போகும். அதனால் அக்கா சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பார். தேய்த்தும் போகாததன்மேல் மஞ்சள் பெயிண்ட் அடிப்பார். படிக்கட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். வேறு பிள்ளைகள் கோலிக்குண்டோ பொம்மையோ வைத்திருந்த வயதில் அவரிடம் இரண்டு பிரஷ் இருந்தது.

அப்பா வயதாகி இறந்தார். வாடகை வீட்டை உரிமையாளர் இடிக்கப்போவதாகச் சொன்னபோது, அந்தச் சமையலறைச் சுவரை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்ளத் தம்பி அனுமதி வாங்கினார். அம்மா நின்று சமைத்த இடமென்று ஆசைப்படுகிறான் போல என்று அக்கா நினைத்துக்கொண்டார். சுவரை அறுக்க வந்தவர்களுக்கு டீகூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வருடம் கழித்துத் தம்பியிடமிருந்து கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டார். இருவரும் விடுப்புப் போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் போனோம்.

வெள்ளைவெளேரென்று பெரிய கூடம். நடுவில் அந்தச் சுவர் தனியாக நின்றது. மேலிருந்து விளக்கு விழுந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். மஞ்சள் நிறத்தைப் பட்டை பட்டையாகச் சுரண்டியிருந்தார்கள். ஒவ்வொரு பட்டையிலும் மஞ்சள் ஒவ்வொரு சாயல். சில இடத்தில் இன்னும் ஆழமாகச் சுரண்டி, அடியில் கிடந்த பழுப்புக் கறையை வெளியே எடுத்திருந்தார்கள். கறை வழிந்து காய்ந்த கோடுகள், பாத்திர விளிம்பு பட்ட பிறைக்குழிகள், கீழே ஒரு பக்கம் அடுப்புப் புகை ஏறிய கருப்பு. பக்கத்தில் சின்ன அட்டையில் எழுதியிருந்தது: "அப்பாவின் சுவர். இதைப் பார்த்தபடியே நான் வளர்ந்தேன்."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர், இந்த மாதிரி எங்கள் வீட்டிலும் நிறையச் சுவர் இருக்கிறது, யார் வந்து எடுத்துப்போகிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டு பெண்கள் சுவர் பின்னணியில் தெரியும்படி தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாடிக்காரர் இல்லாமை, இருப்பு என்று ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்றிருந்த தம்பியிடம் நேராகப் போனார்.

தம்பி முகம் மலர்ந்து "வாக்கா" என்றார்.

"எதப் பாத்துடா வளர்ந்த?" என்று அக்கா கேட்டார். கத்தவில்லை. சலவைக்கூடத்தில் கத்துகிற அக்காவைத்தான் எனக்குத் தெரியும். இந்தக் குரல் எனக்குப் புதிது.

தம்பிக்கு விளங்கவில்லை.

"நீ இந்தச் சுவரப் பாத்து வளரல. கதவுக்குப் பின்னாடி வளர்ந்த. சுவருக்கு முன்னாடி நின்னவ நான். நான் எங்கடா இதுல?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தம்பி அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போகப் பார்த்தார். இது முழுக்க உன்னைப் பற்றியதுதான், உன் மானம் போகக்கூடாதென்றுதான் உன்னைப் பற்றி எழுதவில்லை என்றார்.

"மானமா? நான் வருஷக்கணக்கா மூடி வெச்சத நீ கத்திய வெச்சுச் சுரண்டி வெளக்கு போட்டுக் காட்டற. சுரண்டும்போது அந்த மானம் எங்க போச்சு?"

கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடி இறங்கும்வரை தளரவில்லை.

அடுத்த சில நாட்கள் சலவைக்கூடத்தில் யாரும் அவர் பக்கம் போகவில்லை. இஸ்திரி உருளையில் சரியாகக் கொடுக்காததால் ஒரு விரிப்பு சுருண்டு மாட்டிக்கொண்டபோது, இயந்திரத்தை நிறுத்தாமல் பிடித்து இழுத்து இரண்டாகக் கிழித்தார். தம்பி போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், மறுபடி அங்கே போகலாம், வருகிறாயா என்றார். சமாதானம் ஆகப்போகிறார் என்று நம்பி நானும் கிளம்பினேன். அவர் கையில் இருந்த பை கனமாக இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

கூடத்தில் காவலர் ஒருவர் இருந்தார். அக்கா சுவருக்கு முன்னால் பையை இறக்கி, மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்து, மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தார். சலவைக்கூடத்துச் சீருடையிலேயே வந்திருந்ததால் காவலருக்குச் சந்தேகம். ஆர்ட்டிஸ்ட் அனுப்பினாரா என்று கேட்டார். "அவன வளர்த்ததே நான்தான்" என்றார் அக்கா. காவலர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்கா அடிக்க ஆரம்பித்தார். எத்தனை வேகம்! மேலிருந்து கீழே, விட்ட இடத்தைத் தொட்டு மறுபடி மேலே. பழகிய கை. சுரண்டிய பட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தடுக்க எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் தடுக்க மனமும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். போன்கள் உயர்ந்தன. நிகழ்த்துகலை என்று யாரோ பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கினார்கள். ஒருவர் கை தட்டினார். அக்கா பிரஷ்ஷோடு திரும்பினார்.

"இங்க என்ன வித்தையா காட்டறாங்க? போய் அவங்கவங்க வேலையப் பாருங்க."

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பிரஷ்ஷை யார்மேலாவது எறிந்துவிடுவார் என்று பயந்தேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். நல்ல வசதியான வீட்டுப் பெண் என்பது பார்த்ததும் தெரிந்தது. காதில் முத்துத் தோடு, சாம்பல் நிறத்தில் நீளக் கை வைத்த உடுப்பு. அவர் கை தட்டவில்லை, படம் எடுக்கவில்லை. அக்காவின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அடுப்புப் பக்கம் கீழ விட்டுட்டீங்க. உள்ள வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போகும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த கூடத்திலிருந்து ஓர் ஆண்குரல், மிக மென்மையாக, எங்கே போய்விட்டாய் என்று கேட்டது. அந்தப் பெண் உடுப்பின் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, இதோ வந்துவிட்டேன் என்று போய்விட்டார்.

அக்கா அந்தக் கீழ்ப்பக்கத்தை அடிக்கவில்லை. பிரஷ்ஷிலிருந்து தரையில் சொட்டியது. மற்ற கூடங்களிலிருந்து காவலர்கள் ஓடிவந்து பிடித்தபோதும் அவர் அந்தப் பெண் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களை மேலாளர் அறையில் உட்காரவைத்தார்கள். மேலாளர் போலீஸ் என்றார், சேதம் என்றார். பழைய பொருட்களைச் சீர்செய்யும் அம்மா ஒருவர் வந்து, பெயிண்ட் ஈரமாக இருக்கிறது, இப்போதே துடைத்தால் போய்விடும், காய்ந்தால் அடியில் இருப்பதும் சேர்ந்துதான் வரும் என்றார். தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு, துடைக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவர்களிடம் சொன்னார்.

அக்காவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "ஏன், இதையும் கலைனு சொல்லிக் காட்டப்போறியா?"

"வேண்டாம்னா இன்னைக்கே எடுத்துடறேன்."

தம்பி தரையைப் பார்த்தபடி பேசினார். "நானும் அந்த வீட்டுலதான்க்கா இருந்தேன். கதவு சாத்தியிருந்தா சத்தம் கொறையும்னு நெனச்சியா? எது ஒடஞ்சுது, யாரு விழுந்தாங்கன்னு தெரியாம உக்காந்திருப்பேன். மறுநாள் பாத்தா சுவர் புதுசா இருக்கும். எதுவும் நடக்காத மாதிரி. எனக்குத்தான் பைத்தியமோனு நெனச்சிருக்கேன். அதான் சுரண்டிப் பாத்தேன்."

இதைக் கேட்டு அக்கா இளகுவார் என்று நான் எதிர்பார்த்தேன். இளகவில்லை. ஆனால் கோபம் தம்பியைத் தாண்டி வேறு யார்மேலோ போனது.

"கடைசி வரைக்கும் தங்கமான மனுஷன்னு பேரு வாங்கிட்டுப் போனாரு. அந்தப் பேருக்குப் பெயிண்ட் அடிச்சு அடிச்சுப் பளபளன்னு வெச்சவ நான்தான்" என்றார். தன் மஞ்சள் விரல்களை ஒவ்வொன்றாகச் சீருடையில் துடைத்தார். "இன்னைக்கு ஒருத்தி வந்து எனக்கே சொல்லிக்குடுத்துட்டுப் போறா. அவ வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கு. பக்கத்துக் கூடத்துலேர்ந்து கூப்பிட்டவனுக்கும் கேக்கட்டும்னு உரக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் அவகிட்ட. நின்னுட்டேன்."

பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, சுவர் இருக்கட்டும், அட்டையை மாற்றுங்கள் என்றார். அவர் சொல்லச்சொல்லத் தம்பி எழுதினார். இடையில் ஒரு முறை, இதைக் கொஞ்சம் நயமாகச் சொல்லலாமே என்று தம்பி தயங்கியபோது, "நயம் வேண்டாம், உள்ளத எழுது" என்று அதட்டினார். இப்போது அங்கே இருப்பது அந்த வாசகம்தான்:

"எங்கள் அப்பா எங்களை அடித்தார். இந்தச் சுவருக்கு முன்னால் நின்றவள் அக்கா. கதவுக்குப் பின்னால் இருந்தவன் தம்பி. மூடியது அவள், சுரண்டியது இவன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சுவர் இருந்தால் பெயிண்ட் அடிக்காதீர்கள். யாரிடமாவது காட்டுங்கள்."

கலையை உபதேசமாக்கிவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதே சுவரின் முன்னால் பேசாமல் நின்றுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று காவலர் என்னிடம் சொன்னார். சிலர் கீழ்ப்பக்கம் மட்டும் அடிக்காமல் விட்டிருப்பது ஏன் என்று கேட்பார்களாம். அக்கா சில விடுமுறை நாட்களில் போய் அந்தச் சாம்பல் உடுப்புப் பெண் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவேயில்லை.

தம்பியை மன்னித்துவிட்டீர்களா என்று நான் ஒரு முறை கேட்டுத் தொலைத்தேன். "கோபம் தீந்தே ஆகணும்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய பின் ஒரு மத்தியானம் தம்பி சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். அக்கா அவரை நனையவிட்டுவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினார். தம்பி உட்கார்ந்து, முதன்முதலாக, அப்போதெல்லாம் என்ன நடந்தது என்று கேட்டார். பையிலிருந்து வரைகிற காகிதத்தை எடுக்கப்போனார்.

"எழுதாத. வரையாத. கேளு" என்றார் அக்கா.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் தம்பி வருகிறார். அக்கா சொல்கிறார். சொல்லும்போது இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறார். தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். இயந்திரச் சத்தத்தில் சில வார்த்தை எனக்கும் கேட்கும். நான் மடிப்பதை நிறுத்துவதில்லை.