கரண்ட் போனால் எலிஹியோ வருவான்

சாந்தோ டொமிங்கோவில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் எலிஹியோதான். வயது முப்பத்தாறு. ஆட்டிசம் உள்ளவன். காலையில் சலவைக் கடையில் துணி மடிப்பான். ஓரத்தோடு ஓரம் சேராத துண்டு எதுவும் அவன் கையைத் தாண்டாது. மத்தியானத்துக்கு மேல் ஏதாவது ஒரு நேரத்தில் தெருவே "கரண்ட் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொள்ளும்போது, அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தனிலோவின் மளிகைக் கடைக்குக் கிளம்பிவிடுவான். கடை வாசலில் டோமினோ மேசை. சத்தம் அவனுக்கு ஆகாது; எந்நேரமும் அலறுகிற கடைப் பாட்டு அப்போதுதான் ஓய்ந்திருக்கும். காயை ஓங்கி அறையாவிட்டால் ஆட்டமே இல்லை என்கிற அந்தக் கூட்டம், அவனுக்காக மேசைமேல் துண்டு விரித்து ஆடும். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. பத்துக்கு ஏழு தோற்பான், தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் அவன் அக்கா யோகாஸ்தாவுக்கு வயிறு நிறையும்.

போன மாதம் புதுக் கம்பி இழுத்தார்கள். இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட். தெருவே கூத்தாடியது. யோகாஸ்தா மட்டும் அந்தக் கம்பியை வாயார வைதாள். ஒன்பது நாள் எலிஹியோ நாற்காலியோடு காத்திருந்து வீட்டு மின்விசிறியையே பார்த்தான். அது நிற்கவே இல்லை.

பத்தாம் நாள் அவள் பொறுக்க மாட்டாமல் கடைக்குப் போனாள்.

"தனிலோ, என் தம்பிக்காகக் கொஞ்ச நேரம் அந்தப் பாட்ட நிறுத்தேன்."

"இதுக்கா அக்கா இவ்ளோ தயக்கம்?" என்று உடனே நிறுத்தினான்.

எலிஹியோ வந்தான். உட்காரவில்லை. "ஃப்ரிட்ஜ் உறுமுது" என்று சொல்லிவிட்டு நாற்காலியோடு திரும்பிவிட்டான். யோகாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வெயிலில் பீர் விற்கிறவனிடம் ஃப்ரிட்ஜை அணை என்று எந்த வாயால் கேட்பது?

மறுநாள் மூன்று மணிக்குக் கடைப் பக்கமிருந்து கூச்சல்: "கரண்ட் போச்சு!"

எலிஹியோ மின்விசிறியைப் பார்த்தான். சுற்றிக்கொண்டிருந்தது. "இங்க போகலையே" என்றான். ஆனாலும் நாற்காலியைத் தூக்கினான். யோகாஸ்தா பின்னாலேயே போனாள்.

கடைக்குள் இருட்டு. பாட்டும் இல்லை, உறுமலும் இல்லை. மேசையில் துண்டு விரித்திருந்தது. தனிலோ மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீதானே அணைச்ச?" என்றான் எலிஹியோ.

"நான்தாண்டா. நாலு மணி வரைக்கும்."

"பீர் சூடாகுதுய்யா!" என்று ஒருவன் முனகினான்.

"வாய மூடிட்டு காயப் போடு" என்றான் தனிலோ.

"நாளைக்கு?" என்று கேட்டான் எலிஹியோ.

"நாளைக்கும் மூணு மணிக்குப் போகும்."

எலிஹியோ யோசித்தான். "முன்னெல்லாம் எப்பப் போகும்னே தெரியாது. இது நல்லாருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தான்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றான். அவன் சிரித்த சத்தம் வாசலில் நின்ற யோகாஸ்தாவுக்குக் கேட்டது.