பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு ஒரு மென்பொருளோடு

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் நாள் பார்த்துத்தான் போவார்கள். போன வாரம் நான் பார்க்காமல் போனேன். அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள், முக்கியமாக என்னைப்போல் வேலையாகப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நானும் என் நெறியாளரும் உருவாக்கிய, வகுப்பில் மாணவர்களைப் பேசவைக்கும் ஒரு மென்பொருள்தான் என் ஆய்வு. போனில் ஒரு கேள்வி வரும். ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு, வேறு பதில் சொன்ன ஒருவரின் பெயர் திரையில் வரும். அவரோடு வாதாடிவிட்டு மறுபடி பதில் சொல்ல வேண்டும். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் நான் அளக்கிறேன். மூன்று கல்லூரிகளில் சோதித்தாக வேண்டும். சென்னையில் இரண்டு முடிந்துவிட்டன. இரண்டிலும் பிள்ளைகள் வாயே திறக்காமல் போனைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவது, திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்லூரி. அடுத்த வாரம் அங்கே தேர்வு தொடங்குகிறது, மாதக் கடைசியில் என் காலக்கெடு முடிகிறது. இந்த ஒரு நாளை விட்டால் எனக்குக் கடைசி அத்தியாயமே கிடையாது.

கிளாம்பாக்கத்தில் காலை 4.30க்கு ஏறினேன். டிக்கெட் 180 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழியாக நாலரை மணி நேரம் என்றார்கள், வகுப்பு 10.30க்கு. ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாரநாளில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டுவிட்டேன்.

செஞ்சி தாண்டியதும் பக்கத்துச் சீட்டு அம்மா கேட்டார்: "மொத தடவையாம்மா கிரிவலம்?"

"இல்லைங்க, காலேஜ்ல ஒரு வேலை."

"பௌர்ணமி அன்னிக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அப்போதுதான் போனில் காலண்டரைத் திறந்தேன்.

பௌர்ணமியன்று பேருந்துகளை ஊருக்குள் விடுவதில்லை. திண்டிவனம் சாலையில் தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டபோது மணி 9.40. ஆட்டோ ஓட்டுநர் அன்வர் பாய் கல்லூரிக்கு 250 ரூபாய் கேட்டார், பேரம் பேசத் தெம்பில்லை.

"உள்ள வண்டி உட மாட்டாங்க. பைபாஸ்ல சுத்திக்கினு போவலாம். நேரம் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும்."

"பத்தரைக்குள்ள போயிடலாமா பாய்?"

"போயிடலாம். ஆனா போன் பேசறதுன்னா இப்பவே பேசிடுங்க. கூட்டம் ஏற ஏற டவர் படுத்துக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதற்குப் பிறகு வழி முழுக்க மலையைப் பார்க்கவில்லை, திரையின் மூலையில் இருந்த சிக்னல் கோடுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான்கு, மூன்று, மறுபடி நான்கு.

10.25க்குப் போய்ச் சேர்ந்தேன். இயற்பியல் துறை நஸ்ரின் மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். மெயிலில் தேதி முடிவு செய்தது அவரோடுதான். "பௌர்ணமின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன், கொஞ்சம் அழுகிற குரலில்தான்.

அவர் திகைத்துவிட்டார். "தெரிஞ்சுதான் இந்த தேதி கேட்டீங்கன்னு நெனச்சோம்! இங்க வெளியூர்ல இருந்து யாரு வந்தாலும் பௌர்ணமியப் பாத்துதான் கேப்பாங்க. கிளாஸ முடிச்சிட்டு கிரிவலம் போவீங்கன்னு மாலைக்கு ரூம்கூட சொல்லி வச்சிருக்கேன்."

இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

முதலாம் ஆண்டு வகுப்பு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நடைபாதை. போனில் கேள்வி வந்தது: நேராக ஒரே வேகத்தில் ஓடும் பஸ்ஸுக்குள் ஒருவர் பந்தை நேர்மேலே எறிகிறார். அது எங்கே விழும்? கையிலா, முன்னாலா, பின்னாலா? பாதிப் பேருக்கு மேல் பின்னால் என்றார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். 10.52க்குத் திரையில் ஜோடிப் பெயர்கள் வந்தன. அதோடு இணைப்பு போய்விட்டது. எல்லா போனிலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

என் போனை அணைத்துப் போட்டேன், பலனில்லை. அப்போது முன்பெஞ்சில் திவ்யா என்ற பெண் எழுந்தாள். "மேடம், பேர் மட்டும் வந்துகிது. அந்தப் பக்கம் கார்த்தின்னு காட்டுது. அவன்கிட்டயா பேசணும்?"

ஆண், பெண் தனித்தனியாக உட்காருவார்கள் என்பதை மென்பொருளுக்கு நாங்கள் சொல்லித்தரவே இல்லை. நான் விழிப்பதற்குள் அவளே நடைபாதையைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்: "டேய் கார்த்தி, பின்னாடி எப்படிடா விழும்?"

"பஸ் முன்னாடி போயிடுதில்ல?"

"அப்போ நீ பஸ்ல குதிச்சா கடைசி சீட்டுலயா போய் விழற?"

வகுப்பு சிரித்தது, பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோமே என்று ஒருவன் கத்தினான், பிரேக் வேறு ஒரே வேகம் வேறு என்று இன்னொருத்தி சாக்பீஸை மேலே எறிந்துகொண்டே நடந்து காட்டினாள். நான் இணைப்பு, இணைப்பு என்று போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். மணி அடித்ததும் நஸ்ரின் மேடம் கை தூக்கச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் 'கையில்' என்றார்கள்.

"இத எண்ணி ரெண்டாவது பதில்னு ஏத்திடலாமா?" என்றார் மெதுவாக.

ஏற்றிவிடலாம்தான். யாருக்கும் தெரியாது. மனம் ஒரு நிமிடம் அங்கேயே நின்றது. ஆனால் பக்கத்துக் கையைப் பார்த்துத் தூக்கிய கையைத் தனியாகச் சொன்ன பதில் என்று எழுத முடியாது. வேண்டாம் மேடம் என்றேன். சொல்லிவிட்டு ஏன் சொன்னேன் என்றும் இருந்தது.

பகல் 1.10க்கு அதே தற்காலிக நிலையத்தில் சென்னைப் பேருந்து கிடைத்தது. எதிர்ப்பக்கச் சாலை வண்டிகளால் அடைத்துக்கிடந்தது. மேல்மருவத்தூர் தாண்டியதும் நெறியாளரிடமிருந்து போன்: "பதிவப் பாத்தேன். கடைசி இருபத்துமூணு நிமிஷம் ஒண்ணுமே இல்லையே, பசங்க தூங்கிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். "பாத்தத அப்படியே எழுது. கமிட்டி ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார். எனக்கும் இன்னும் தெரியாது. காலக்கெடு நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அரைமணிக்கொருமுறை மெயில் பார்க்கிறேன்.

நீங்கள் போவதானால்: முதலில் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள். அன்றைக்கே போக வேண்டுமென்றால் வழக்கமான நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கம் சாலைப் பக்கம் அறையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த ஊரிலிருந்து பேருந்து வருகிறதோ அந்தச் சாலையின் தற்காலிக நிலையத்தில்தான் திரும்பவும் ஏற வேண்டும், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தை நம்பி எந்த வேலையும் வைக்காதீர்கள்.

நான் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன். மூன்று கல்லூரிகளில் நான் கேட்ட பெரிய சத்தம் அந்த வகுப்பில்தான். அதைப் பற்றி எங்கள் மென்பொருள் குறித்துவைத்திருப்பதையே முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்: "10.52 முதல் 11.15 வரை மாணவர் செயல்பாடு ஏதும் இல்லை."