எங்கே வலிக்கிறது?

இன்று சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார்.

நான் நர்ஸ். "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்டேன்.

"தொப்புளச் சுத்திக் குடைஞ்சுதுங்க. இப்ப வலப்பக்கம் சுருக்சுருக்குன்னு குத்துதுங்க சாமி."

குடல்வால் வீக்கமாக இருக்கும் என்று பயந்தேன். ராசிபுரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, அவரை உள்ளே சேர்த்தோம்.

கூட வந்த என் அம்மாவுக்கு ஒரே பெருமை. "ஜெர்மனியிலயும் இப்படித்தான சாமி பாக்கப்போற! தைரியமாப் போய்ட்டு வா."

அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போக அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறேன். பங்குத்தந்தை சொல்லிக்கொடுத்த ஜெர்மன் மொழியில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியும். பதில் வந்தால் புரியாது. அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ஜெர்மன் நோயாளிகள் கொஞ்சமாவது மெதுவாகப் பேசுவார்களா?